மயில்கழுத்து நிறத்தில் ஒரு குழாய்

எனக்குச் சின்ன வயதிலிருந்தே தலையைக் குனிந்து பழக்கம். அதனால் ஆட்களின் முகத்தைவிட அவர்களுடைய காலும் செருப்பும்தான் எனக்கு நன்றாகத் தெரியும். தோட்டத்து லயத்தில், எங்கள் வரிசை வீட்டு வாசலில் யாராவது வந்து நின்றால் எனக்குப் பேச்சு வராது. கதவுத் திரைக்குப் பின்னால் நின்று வாசலைப் பார்ப்பேன். வந்தவர் செருப்பில் எந்த நிறத்துச் சேறு ஒட்டியிருக்கிறது, கால்சட்டையின் ஓரம் பிரிந்திருக்கிறதா, எல்லாம் கண்ணில் விழுந்துவிடும். அவர் மூக்கு எப்படி இருந்தது என்று பிறகு யாராவது கேட்டால் சொல்லத் தெரியாது.

என் நாத்தனாரைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையையும் அப்படித்தான் பார்த்தேன். அவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவர் ஏறி வந்த மோட்டாரின் புகைக்குழாயைப் பார்த்துவிட்டேன். எங்கள் பக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்கு மோட்டார், காருக்குக் காடி என்றுதான் பெயர். பார்த்த நிமிடத்திலிருந்து என் மனம் நிம்மதியாக இல்லை.

அது எழுபதுகளின் கடைசி. நாங்கள் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். நானும் நாத்தனாரும் ஒரே கூட்டத்தில் கொழுந்து எடுத்தோம். என் வீட்டுக்காரருக்குத் தொழிற்சாலையில் தேயிலை காய வைக்கும் அடுப்பில் வேலை. மாமனார் நான் கல்யாணம் ஆகி வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். மாமியாருக்கு நெஞ்சுவலி வந்த அன்று தோட்டத்து லோரி கீழே போயிருந்தது. தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி தேடிக்கொண்டிருக்கும்போதே அவர் உயிர் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் என் வீட்டுக்காரர் மோட்டார் வாங்கினார்.

ஆகவே நாத்தனாருக்கு நாங்கள்தான் எல்லாம். அவளுக்கு முன்பு ஒரு இடம் அமைந்தது. வெற்றிலை பாக்கும் மாற்றியாகிவிட்டது. அதன்பிறகுதான் அந்த ஆளுக்கு மலை அடிவாரத்தில் தாப்பா பக்கத்தில் ஏற்கனவே ஒரு மனைவியும் பிள்ளையும் இருப்பது தெரியவந்தது. நாத்தனார் அழவில்லை. ஆனால் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகும்போது எல்லாரும் போகும் பாதையை விட்டுவிட்டு, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு வர ஆரம்பித்தாள். லயத்தில் அவளுக்கு, வெத்தல மாத்துன பொண்ணு என்று பெயர் ஆகிவிட்டது. இன்னொரு தடவை அப்படி நடந்தால் அவளுக்குப் போவதற்குப் பாதையே இருக்காது.

எங்கள் வழக்கத்தில் பெண் வீட்டில் மூத்த பெண்பிள்ளைதான் வெற்றிலைத் தட்டை எடுத்துக் கொடுக்க வேண்டும். முன்பு அந்தத் தட்டை நான்தான் கொடுத்தேன். அவர்கள் கேட்டார்கள், கொடுத்துவிட்டேன். இந்தத் தடவை என் சந்தேகம் எல்லாம் தீர்ந்தால்தான் தட்டு என் கையை விட்டுப் போகும் என்று மனதுக்குள் முடிவு செய்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

இந்த இடத்தைச் சொன்னவர் கோயில் பூசாரி. மாப்பிள்ளைக்கு ரிங்லெட்டில் ஒரு சீனத் தவுக்கேயின், முதலாளியின், காய்கறிக் கொட்டகையில் வேலை, கோஸையும் தக்காளியையும் கூடையில் அடுக்கி லோரியில் ஏற்ற வேண்டும், தாயும் மகனும்தான் வீட்டில் என்றார்.

"மோட்டார் இருக்கா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். "அது ஒண்ணுதான் என் கண்டிசன். எங்கம்மாவுக்கு நடந்தது தங்கச்சிக்கு நடக்கக்கூடாது. வண்டி இல்லாத வூட்டுக்குப் பொண்ணு இல்லன்னு சொல்லிருங்க."

பூசாரி போய்ச் சொல்லிவிட்டு வந்தார். மோட்டார் இருக்கிறதாம்.

நிறத்தைப் பற்றி எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்ல வேண்டும். எங்கள் மோட்டார் வந்து சில மாதத்தில், இஞ்சினிலிருந்து குழாய் வளைந்து இறங்கும் இடத்தில் வெள்ளிப் பளபளப்பு போய் மஞ்சள் பூத்தது. அழுக்கு என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை குத்துவிளக்கு துலக்கும்போது மிச்சம் இருந்த புளியையும் சாம்பலையும் கொண்டுபோய் அந்தக் குழாயையும் தேய்த்தேன். கொஞ்சம் போனது. அடுத்த வெள்ளிக்கிழமை திரும்பவும் மஞ்சள். வீட்டுக்காரர் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"இதென்ன சாமி விளக்கா? அது அழுக்கு இல்ல புள்ள, சூடு. எங்க அடுப்புக் கதவுத் தகட்டப் பாரு, இதே மாதிரிதான். கொஞ்சம் சூடுன்னா தேன் கலரு. இன்னும் சூடானா கத்தரிப்பூ. ரொம்பக் காஞ்சா மயில்கழுத்து. வந்துட்டா லேசுல போவாது."

எங்கள் மோட்டார் எங்கள் இரண்டு பேரையும் சுமந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் பிரிஞ்சாங் ஏற்றம் ஏறும். மார்க்கெட்டிலிருந்து சாமான் மூட்டையும் வரும். அப்படியும் குழாய் தேன் நிறத்தைத் தாண்டவில்லை. அதற்குப் பிறகு மோட்டார் கடை வாசலிலும் கோயில் வாசலிலும் நிற்கும் எல்லாக் குழாய்களையும் பார்க்கும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. தலை குனிந்திருப்பவளுக்கு வேறு என்ன பார்வை.

பெண் பார்க்க வந்த அன்று பனி இறங்கியிருந்தது. மாப்பிள்ளையின் அம்மாவும் ஒரு மாமாவும் வாடகைக் காடியில் முன்னாலேயே வந்து பாயில் உட்கார்ந்துவிட்டார்கள். மாப்பிள்ளை பின்னால் மோட்டாரில் வந்தார். நான் திரைக்குப் பின்னால் நின்றேன். சேறு படாமல் இருக்கக் கால்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டிருந்தார். மோட்டாரை நிறுத்திவிட்டு வலது பக்கமாக இறங்கினார். என் வீட்டுக்காரர் ஒருநாளும் வலது பக்கம் இறங்கியதில்லை. இறங்கியவர் ஒரு நொடி கண்ணை இறுக்கி மூடித் திறந்தார். பிறகு கால்சட்டையை இறக்கிவிட்டு நடந்து வந்தார். வலது காலை ஊன்றும்போது லேசாக இழுத்தார்.

நொண்டி, என்று நினைத்தேன். பூசாரி இதைச் சொல்லவில்லையே.

அவர் உள்ளே போன பிறகு மோட்டாரைப் பார்த்தேன். குழாய் வளைவில் தேன் நிறம் இல்லை. அதைத் தாண்டிக் கத்தரிப்பூ, அதையும் தாண்டிக் கையகலத்துக்கு நல்ல மயில்கழுத்து. அதன்கீழே யாருடைய மழைக்கோட்டோ உருகி ஒட்டிய கறுப்பு, கோழிக்கால் பதிந்தது போல மூன்று விரலாகப் பிரிந்திருந்தது. காற்று என் பக்கம் அடித்தபோது வாசனைச் சோப்பு மணந்தது. சோப்புக்கு அடியில் வேறு ஒரு நாற்றம் இருந்தது. மீன் போல இருந்தது.

உள்ளே பேச்சு நடந்தது.

"கொட்டகைக்கு மோட்டார்லதான் போறீங்களா தம்பி?" என்றார் வீட்டுக்காரர்.

"ஆமாங்க. வூட்டுலேர்ந்து ரெண்டு வளைவுதான்."

"வேற எங்கயும் சுத்துறது உண்டா? லீவு நாள்ல, கீழ தாப்பா கீப்பா?"

"இல்லீங்க. வேல வுட்டா வூடு."

இரண்டு வளைவு போய் வரும் மோட்டாருக்கு மயில்கழுத்து எப்படி வரும்?

நாத்தனார் டீ கொண்டுபோனாள். திரும்பி வந்தபோது அவள் காது மடல் சிவந்திருந்தது. மாப்பிள்ளையின் அம்மா, "பொண்ணு எங்களுக்குப் புடிச்சிருக்கு. இன்னைக்கே வெத்தலய மாத்திக்கலாமே" என்றார். தட்டு என் பக்கத்தில்தான் தயாராக இருந்தது. எல்லாரும் திரையைப் பார்த்தார்கள். நான் தட்டை எடுக்கவில்லை. வீட்டுக்காரர் இருமிப் பார்த்தார். நான் அசையவில்லை.

"அதுக்கென்ன, நாங்களும் ஒரு தடவ உங்க வூட்டுக்கு வந்து பாத்துட்டு மாத்திக்குவோம்" என்று அவரே சமாளித்தார்.

அவர்கள் போனதும் என்மேல் பாய்ந்தார். "என்னாச்சு ஒனக்கு? கை வெளங்காமப் போச்சா?"

"மோட்டார் குழாய் சரியில்லைங்க."

"என்ன?"

"மயில்கழுத்து. கையகலம் இருக்கு."

"குழாயப் பாத்து ஜாதகம் சொல்றியா? பூசாரி பொழப்புல மண்ணள்ளிப் போட்டுறாத." சிரித்துவிட்டு வெற்றிலையை மடித்து வாயில் போட்டார். கொஞ்ச நேரம் மென்றார். பிறகு குரல் மாறியது. "கையகலமா? நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன்."

"ரெண்டு வளைவுக்கு அது வராது. சொமையோட தாப்பாவுலேர்ந்து ஏறி வரணும். அதுவும் எப்பவாச்சும் இல்ல, தெனம் ஏறணும்."

தாப்பா என்று அவர் வாயிலிருந்து வந்துவிட்டது. சமையலறையில் நாத்தனார் கிளாஸ் கழுவும் சத்தம் நின்றுவிட்டது.

மறுநாள் மலையில் கொழுந்து எடுக்கும்போது அவள் எனக்கு அடுத்த நிரையில் நின்றாள்.

"அண்ணி, நீங்க அவரப் பாத்தீங்களா, அவரு குழாயப் பாத்தீங்களா?"

"காலயும் பாத்தேன். நொண்டுறாரு பாப்பா."

"நொண்டல."

"வலது காலு. நான் பாத்தேன்."

அவள் விரல்கள் வேகமாக ஓடின. கொழுந்தோடு முற்றிய இலையும் சேர்ந்து கூடையில் விழுந்தது. அவள் அப்படி எடுப்பவள் இல்லை.

"டீயக் குடிச்சிட்டு எல்லாரும் கிளாச பாயிலயே வச்சிட்டுப் போனாங்க. அவரு எந்திரிச்சி வந்து என் கையில குடுத்தாரு. அத பாத்தீங்களா?" என்றாள்.

நான் பார்க்கவில்லை. திரையின் இந்தப் பக்கத்தில் அது தெரியாது.

"பொண்டாட்டி இருக்குறவனும் கிளாச கையில குடுப்பான் பாப்பா" என்றேன். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் கூடையோடு அடுத்த செடிக்கு நகர்ந்தாள். அன்று சாயங்காலமும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்தான் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் வீட்டுக்காரரும் மாப்பிள்ளை வீடு பார்க்க ரிங்லெட்டுக்கு இறங்கினோம். பின்னால் ஒரு பக்கமாக உட்கார்ந்து, சேலை சக்கரத்தில் மாட்டாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, வழியெல்லாம் ஏறி வரும் மோட்டார்களின் குழாய்களையே பார்த்தேன். வளைவில் எதிரே வருவதால் சரியாகத் தெரியவில்லை.

வீடு கடை வரிசைக்குப் பின்னால், பலகை வீடு. சுத்தமாக இருந்தது. மாப்பிள்ளையின் அம்மா மட்டும்தான் இருந்தார்.

"தம்பி எங்கங்க?" என்றார் வீட்டுக்காரர்.

"கொட்டகைக்கு லோரி வந்துருச்சுன்னு தவுக்கே ஆள் அனுப்பிட்டாரு. இன்னைக்குன்னு பாத்து."

"மோட்டார்ல போயிருக்காரா?"

"மோட்டாரு... அது ரிப்பேருக்குப் போயிருக்கு தம்பி."

ரிப்பேர். நான் வாசலையும் தாழ்வாரத்தையும் பார்த்தேன். எங்கள் வீட்டில் மோட்டார் நிற்கும் இடத்தில் எண்ணெய் சொட்டிச் சொட்டி சிமெண்டு கறுத்துப் போயிருக்கும். பிஸ்கட் பெட்டி அட்டையைப் பிரித்துப் போட்டு வைப்பேன். இங்கே ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. தாழ்வாரத்து மண்ணைக் கோழிகள் கிளறிப் பள்ளம் பள்ளமாக ஆக்கி வைத்திருந்தன. மோட்டார் தங்கும் இடத்தில் கோழி அப்படிப் படுக்காது.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்று தெரியவில்லை. மாப்பிள்ளையின் அம்மா டம்ளரை நீட்டும்போது அவர் காதோரம் போய்க் கேட்டேன். "அவரு காலு எப்படி இருக்குங்க?"

அந்த அம்மா டம்ளரைக் கீழே வைத்தார். "எந்தக் காலு? காலெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டார். நிறைய நேரம் வெளியே வரவில்லை.

எனக்குத் தீர்ந்துவிட்டது. கால் ஊனம். மோட்டாரைக் காட்டாமல் மறைக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமையில் ஆள் வீட்டில் இல்லை. தாப்பாவில்தான் இருப்பான். திரும்பும்போது வீட்டுக்காரர் முகமும் அப்படித்தான் இருந்தது. தங்கச்சியிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வண்டியைத் தள்ளிக்கொண்டு கடை வரிசைக்கு வந்தார்.

அங்கே ஒரு கடை ஓரத்தில் மோட்டார் ஒன்று நின்றது. பின்னால் இரண்டு பக்கமும் பெரிய மீன் பெட்டி கட்டியிருந்தது. ஐஸ் உருகித் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு தமிழ் ஆள், வயசு ஐம்பதுக்கு மேல் இருக்கும், தராசில் மீன் நிறுத்துக்கொண்டிருந்தார். நான் வழக்கம்போல் கீழே பார்த்தேன். மயில்கழுத்து, கையகலம். அதன்கீழே கறுப்பாகக் கோழிக்கால்.

வீட்டுக்காரர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"என்ன புள்ள, மீனு வேணுமா?"

"மீனு இல்ல. குழாய். அதே குழாய்."

அவர் குனிந்து பார்த்தார். பிறகு ஒன்றும் தெரியாதவர் போல மீன்காரரிடம் போனார்.

"கெம்போங் மீனு நல்லா இருக்கா அண்ணே?"

"காலையில தாப்பாவுலேர்ந்து ஏறுனது. கண்ணப் பாரு தம்பி, ஒன்னயே பாக்குது."

"மோட்டார் நம்மதா?"

"பின்ன யாருது? தெனம் இதுலதான் மீனும் ஐசும் ஏத்திக்கிட்டு வரேன். வர்றதுக்குள்ள கத்திக் கத்தி அதுக்கும் தொண்ட கட்டிப்போவும், எனக்கும் கட்டிப்போவும்."

"யாருக்காச்சும் இரவல் குடுத்தீங்களா, போன ஞாயித்துக்கிழம?"

மீன்காரர் தராசைக் கீழே வைத்துவிட்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தொடையைத் தட்டிச் சிரித்தார்.

"அடடா, நீங்கதான் பொண்ணு வூடா? மாட்டிக்கிட்டானா பையன்? நான் அப்பவே சொன்னேன்லா. பெட்டியக் கழட்டிட்டு வண்டிய வாசனச் சோப்பு போட்டுக் கழுவுனான். டேய், மீன் நாத்தம் இந்த வண்டியோட பொறந்ததுடா, போவாதுடான்னேன். கேக்கல. ஓட்டத் தெரியுமான்னா, ரெண்டு நாளு பழகுனேன்னான். திரும்பி வந்தப்ப நொண்டிக்கிட்டு வரான். என்னடான்னா, எறங்குற பக்கம் தெரியாம குழாய்ல கால வச்சிட்டானாம். இந்தா பெரிய கொப்புளம். பொண்ணு வூட்டுக்காரங்க முன்னால கத்தவும் முடியலயாம்."

வீட்டுக்காரர் முகம் கறுத்துவிட்டது. மீன் வாங்கவில்லை. "இரவல் வண்டியில வந்து என் வூட்டுல டீ குடிச்சிருக்கான்" என்று ஏற்றம் முழுக்க முணுமுணுத்துக்கொண்டே வந்தார். எனக்குப் பாதி பாரம் இறங்கிவிட்டது. கால் நல்ல கால். தாப்பா போனது மீன்காரர். குழாய் பொய் சொல்லவில்லை, ஆனால் அது வேறு ஆளுடைய கதையை எனக்குச் சொல்லியிருக்கிறது. மிச்சப் பாதி இறங்கவே இல்லை. மோட்டாரில் பொய் சொன்னவன் வேறு எதில் சொல்லமாட்டான்?

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னோம். நாத்தனார் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையை எடுக்காமலே கேட்டாள்.

"தாப்பாவுல பொண்டாட்டி?"

"இல்ல. அது மீன்காரரு போற எடம்" என்றேன்.

"காலு?"

"சுட்டுக்கிட்டது."

"அப்ப அவருகிட்ட இல்லாதது மோட்டார் மட்டுந்தான்." சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. கடைசியில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அண்ணனைப் பார்த்தாள். "மோட்டார் இருந்தாத்தான் பொண்ணுன்னு சொல்லி விட்டது யாருண்ணே?"

அவர் வெளியே போய் மோட்டாரைத் துடைக்க ஆரம்பித்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

நான் விடவில்லை. "ஆள் வரட்டும். ஒண்ணும் சொல்லாம, சும்மா வந்துட்டுப் போகச் சொல்லி விடுவோம். அவரே வாயத் தொறந்து சொல்றாரான்னு பாக்கணும்" என்றேன். சொல்லும்போதே அடுத்த சந்தேகம் வந்துவிட்டது. "ஆனா மீன்காரரு இந்நேரம் சொல்லியிருப்பாரு. தெரிஞ்சிபோச்சேன்னு வந்து சொன்னா அதுக்கு என்ன மதிப்பு?"

"சொல்லியிருக்கட்டும் அண்ணி" என்றாள் நாத்தனார். "மாட்டிக்கிட்டோம்னு தெரிஞ்சவன் வராமயே இருந்துரலாம். இல்ல, வேற மோட்டார் இரவல் வாங்கிட்டு வரலாம். அப்படி ஏதாச்சும் செஞ்சா எனக்கு வேணாம். நடந்து வந்தா நீங்க தட்ட எடுங்க."

அவ்வளவு நீளமாக அவள் பேசி நான் கேட்டதில்லை. அவள் குரல் கெட்டியாகத்தான் இருந்தது. களைந்த அரிசியைத்தான் திரும்பவும் களைந்துகொண்டிருந்தாள்.

பூசாரியிடம் சொல்லி அனுப்பினோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து நான் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். மோட்டார் சத்தம் வந்தால் முடிந்தது. ஒரு மோட்டார் ஏறி வந்தது. நாத்தனார் அடுப்படியில் அப்படியே நின்றுவிட்டாள். அது தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணியுடைய மோட்டார், ஆபீஸ் பக்கம் போய்விட்டது. பிறகு மழை பிடித்துக்கொண்டது. மழையில் ஒன்றும் கேட்கவில்லை.

திரையை விலக்கிப் பார்த்தபோது தோட்டத்துப் பாதையில் ஒரு குடை வந்துகொண்டிருந்தது. குடைக்குக் கீழே கால்சட்டை மடித்த இரண்டு கால்கள். முழங்கால்வரை செம்மண். பஸ்ஸை விட்டு இறங்கி ரோட்டு முனையிலிருந்து ஏற்றம் முழுவதும் நடந்திருக்கிறார். வாசலில் வந்து குடையை மடக்கினார். உள்ளே வரவில்லை.

வீட்டுக்காரர் பாயில் உட்கார்ந்தபடி வெற்றிலையை மடித்தார். எழுந்துகூட நிற்கவில்லை. யாராவது பேசியாக வேண்டும். நான் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தேன். வெளி ஆம்பிளை ஒருவர் முன்னால் நானாகப் போய் நின்றது அதுதான் முதல் தடவை. ஆனாலும் அவர் காலைப் பார்த்துத்தான் கேட்டேன்.

"மோட்டார் எங்க?"

"இல்லக்கா. அன்னைக்கும் இல்ல. அது மீன்காரரு மோட்டாரு."

"அவரு சொன்னாரா, நாங்க பாத்துட்டோம்னு?"

"சொன்னாருக்கா. சொல்லலன்னாலும் சொல்லியிருப்பேன்னு இப்ப சொன்னா நீங்க நம்பமாட்டீங்க." குடையின் தண்ணீரை உதறினார். "பூசாரி வந்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போக வண்டி வேணும், அது இல்லாம பொண்ணு இல்லன்னாரு. அது நியாயந்தானே. எனக்கு மோட்டார் வாங்க இன்னும் கொஞ்ச வருசம் ஆவும். அதச் சொன்னா நீங்க பொண்ணயே காட்டியிருக்க மாட்டீங்க."

"அவசரம்னா என்ன செய்வீங்க? அவளத் தூக்கிட்டு நடப்பீங்களா?"

"பக்கத்து வூடுதான் மீன்காரரு. எந்நேரம் கேட்டாலும் குடுப்பாரு. அன்னைக்குக் குடுத்த மாதிரி."

உள்ளேயிருந்து வீட்டுக்காரர் குரல் வந்தது. "குடுத்தா நீ ஓட்டாத தம்பி. அவரயே ஓட்டச் சொல்லு."

சமையலறையில் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும் சத்தம் கேட்டது. வீட்டுக்காரரும் சிரித்துவிட்டார். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. வலது காலைச் சற்றுத் திருப்பி எனக்குக் காட்டினார். கெண்டைக்காலில் வெற்றிலை அளவுக்குத் தோல் உரிந்து, மஞ்சள் மருந்து தடவியிருந்தது. மழையில் மருந்து கரைந்து வழிந்திருந்தது. இந்தக் காலோடு அத்தனை ஏற்றம் ஏறியிருக்கிறார்.

அப்படியும் எனக்கு ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. "தாப்பாவுல யாரு இருக்கா?"

"தாப்பாவுலயா?" அவருக்கு ஒன்றும் புரியவில்லை என்று குரலிலேயே தெரிந்தது. "யாரும் இல்லக்கா. தீபாவளிக்குத் துணி எடுக்க அம்மாவோட போவேன். பஸ்ஸுல."

நான் அப்போதுதான் தலையைத் தூக்கி அவர் முகத்தைப் பார்த்தேன். மழையில் நனைந்து, முடி நெற்றியில் ஒட்டிப்போய், பரீட்சைக்கு உட்கார்ந்த ஆள் போல இருந்தார். உள்ளே போய்த் தட்டில் வெற்றிலையும் பாக்கும் வைத்தேன். அவர் அம்மா இல்லாமல் மாற்றக்கூடாது என்பதால் அன்று கொடுக்கவில்லை. ஆனால் அவர் கண்ணில் படும்படியாகத் தட்டை வெளியே கொண்டுவந்து வைத்தேன். அவருக்கும் அது புரிந்தது. நாத்தனார் டீ கொண்டுவந்தாள். குடித்துவிட்டுக் கிளாஸை அவள் கையில்தான் கொடுத்தார். இந்தத் தடவை நானும் பார்த்தேன்.

மறுநாள் பெரட்டுக்குப் போகும்போது நாத்தனார் எல்லாரும் போகும் பாதையில் எனக்கு முன்னால் நடந்தாள்.

கல்யாணம் முடிந்து அவள் ரிங்லெட்டுக்குப் போனாள். முதல் பிள்ளைக்கு வலி எடுத்தபோது மீன்காரர்தான் காடி பிடித்துக்கொண்டு வந்தாராம். மோட்டாரில் உட்கார முடியாது என்பது எங்கள் யாருக்கும் முதலிலேயே தோன்றவில்லை. மோட்டார், மோட்டார் என்று கத்திய என் வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னபோது, "அப்ப காடி இருக்குற மாப்பிள்ளயாப் பாத்திருக்கணும்" என்றார்.

எண்பதுகளில் நாத்தனார் வீட்டுக்காரர் சொந்தமாக மோட்டார் வாங்கினார். யாரோ ஓட்டிய பழைய வண்டிதான், ஆனால் குழாய் புதிதாகப் போட்டது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாத்தனாரையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருவார். இடது பக்கமாக இறங்குவார். நான் அவர்களைக் கவனிப்பதற்கு முன்னால் குழாயைப் பார்த்துக்கொள்வேன். ஒரு நிறமும் இருக்காது. ஒரு வருடம் ஆயிற்று, இரண்டு வருடம் ஆயிற்று, கடையில் தொங்குகிற குழாய் போலப் பளிச்சென்று வெள்ளையாகவே இருந்தது.

எனக்கு உள்ளுக்குள் உறுத்த ஆரம்பித்தது. நாலு பேரை ஏற்றிக்கொண்டு ரிங்லெட்டிலிருந்து ஏறி வரும் மோட்டாருக்குத் தேன் நிறமாவது வர வேண்டாமா? ஒருநாள் நாத்தனாரைத் தனியாக அடுப்படியில் வைத்துக் கேட்டேன்.

"ஒங்க குழாய்க்கு ஏன் கலரே வரல?"

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "எப்படி வரும் அண்ணி? இங்க வர்றதுக்கு முன்ன நாளு சாயங்காலம் பூரா குந்திக்கிட்டுத் தேய்ப்பாரு. கடையில விக்கிற பாலிசு, அது போதலன்னா சாம்பலு. புள்ளைங்க சோத்துக்குக் கூப்புட்டாகூட வரமாட்டாரு. ஏன்னு கேட்டா, ஒங்க அண்ணி பாப்பாங்கங்குறாரு."

"ஏன், பாத்தா என்ன? மறைக்க என்ன இருக்கு?"

"நீங்க இப்படிக் கேப்பீங்கன்னுதான் அண்ணி" என்று சொல்லிவிட்டு வடையைத் தட்டிப் போட்டாள்.

அன்று எல்லாரும் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தபோது வாசலுக்குப் போனேன். மோட்டார் பக்கத்தில் குந்தி, குழாய் இஞ்சினோடு சேரும் இடத்தில், துணி நுழையாத உள்வளைவை எட்டிப் பார்த்தேன். அங்கே அவர் கை எட்டவில்லை. தேன் நிறம் இருந்தது. லேசான தேன். அதற்குமேல் ஏறவில்லை.

சரி என்று எழுந்து வந்துவிட்டேன். ஆனாலும் அடுத்த மாதம் வந்தபோது திரும்பவும் பார்த்தேன்.